கிரானைட் கல்லும் கெய்கர் மீட்டரும்: காட்பாடி கல் வேலைக்காரனின் விமர்சனம்

கதிர்வீச்சை அளக்கும் கையடக்கமான கெய்கர் மீட்டர் ஒன்றை வாங்கி, காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம் பக்கத்துக் கிரானைட் குடோன்களிலும் நான் வேலை செய்யும் வீடுகளிலும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் வாங்கியபோது விலை பத்தாயிரத்துக்குச் சற்று மேல். ஒரு கல்லை இன்னொரு கல்லோடு ஒப்பிட நல்ல சாமான். வீட்டில் ஆபத்து உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல இது போதாது. அந்த இரண்டாவது வேலைக்காகத்தான் பலர் இதை வாங்குகிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தேன். வேலை தேடிச் சலித்து, அப்பாவோடு கல் வேலைக்கு வந்துவிட்டேன். சமையல் மேடை, படிக்கட்டு, பூஜை அறை, தரை, வாசற்படி என்று எல்லாம் பதிக்கிறேன். கல்லூரியில் இதே கெய்கர் குழாயைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி, தொடவிட்டதில்லை. அந்த ஆசையும் இந்தச் செலவில் சேர்த்தி.

வாங்க வைத்தது வாட்ஸ்அப். காந்தி நகரில் ஒரு வீட்டில் ரோஸ் நிறக் கல்லுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மறுநாள் அந்த அம்மா கூப்பிட்டு, "தம்பி, அந்தக் கல்லு வேணாம்பா, அதுல கேன்சர் வருமாமே, என் மருமவ போன்ல அனுப்பிச்சா" என்றார். வேலூரில் கதிர்வீச்சு என்றாலே சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கும் கதிர்ச் சிகிச்சைதான் ஞாபகத்துக்கு வரும். தெருவுக்கு ஒருவராவது யாரையோ அங்கே கூட்டிக்கொண்டு போயிருப்பார். அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் இந்தச் செய்தியின் மூலம் நம் ஊரே அல்ல. 2008-இல் அமெரிக்காவில் கிரானைட் சமையல் மேடைகளைப் பற்றிக் கிளம்பிய பரபரப்பு, ஊர் ஊராகச் சுற்றி இப்போது தமிழில் வருகிறது. அப்போதே அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை, வீட்டுக்குள் வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவில் பெரும்பங்கு வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணிலிருந்து வருகிறது, மேடைக் கல்லிலிருந்து வருவது பொதுவாகச் சொற்பம் என்று சொல்லிவிட்டது. அந்தப் பகுதியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

மீட்டரின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம், ஒரே மாதிரிக் குழாயை உள்ளே வைத்து நாலைந்து பெயரில் விற்கிறார்கள். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் வாயு, சுமார் 400 வோல்ட் மின்னழுத்தம். ஒரு பீட்டா துகளோ காமா கதிரோ குழாய்க்குள் வாயுவை அயனியாக்கினால் ஒரு துடிப்பு, டிக் என்று ஒரு சத்தம். நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பதையும், அதைப் பெருக்கி மணிக்கு எத்தனை மைக்ரோசீவர்ட் (உடம்புக்கு வரும் கதிரை அளக்கும் அலகு) என்பதையும் திரையில் காட்டும். கதிரியக்கத்தின் இன்னொரு வகையான ஆல்ஃபா துகள் கண்ணாடியைத் தாண்டாது. இதை மறந்துவிடாதீர்கள், ரேடான் விஷயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

பெட்டியைப் பிரித்ததும் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்தேன். உரக்கடையில் சிவப்பு பொட்டாஷ் ஒரு கிலோ வாங்கி, பிளாஸ்டிக் பையோடு மீட்டரின் முதுகில் சாய்த்து வைத்தேன். பொட்டாசியம் எங்கே இருந்தாலும் அதில் 0.0117 சதவீதம் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணு இருக்கும். அது வாழைப்பழத்திலும் உண்டு, நம் உடம்பிலும் உண்டு. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் நொடிக்கு 4000-க்கு மேல் அணுக்கள் இப்படிச் சிதைந்துகொண்டே இருக்கின்றன. ஒரு கிலோ பொட்டாஷில் 15,000-க்கும் மேல். மீட்டர் 0.13-இலிருந்து மெல்ல ஏறி 0.3-ஐத் தாண்டியது. சரி, சாமான் வேலை செய்கிறது.

அடுத்து, அப்பா காலத்துக் கல்யாணப் பந்தல் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு வாங்கி மிச்சமிருந்த மேண்டில் என்ற வலைத்திரி. அந்தக் காலத்து மேண்டில்களில் தோரியம் ஆக்சைடு உண்டு, வெள்ளை வெளேரென்று எரிவதற்கு அதுதான் காரணம். மீட்டரை அருகில் கொண்டுபோனதுமே டிக்டிக் என்பது சடசட என்று மாறிவிட்டது. என் மகன் பயந்து பின்வாங்கினான். எத்தனை கல்யாணத்தில் இதன் அடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம்!

இனி கல். குடோனுக்கு இதை எடுத்துக்கொண்டு போனால் முதல் நாள் கூட்டம் கூடிவிடும். என்னோடு வரும் பையன், "இன்னாணா, கல்லுக்குக் கரண்ட் வெக்கிறியா?" என்று கேட்டான். குடோன்காரர் முகம் அவ்வளவு நன்றாக இல்லை. கறுப்புக் கல்லின் மேல் முதலில் வைத்துக் காட்டிய பிறகுதான் சிரித்தார், ஏனென்றால் எண் இறங்கியது. கறுப்புக் கல்லை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் சுற்றுப்புறத்தைவிடக் குறைவாகவே காட்டும். கல்லே கதிரை அதிகம் விடாது, தரையிலிருந்து வருவதையும் அது மறைத்துவிடும்.

நாம் கறுப்பு கிரானைட் என்று வாங்குவது பாறையியல்படி கிரானைட்டே அல்ல. ஆந்திரா சீமகுர்த்தி பக்கத்திலிருந்து வரும் பிளாக் கேலக்ஸி, நம் பக்கத்து ஜெட் பிளாக் எல்லாம் கேப்ரோ, டோலரைட் வகை. பூமிக்கடியில் பாறைக்குழம்பு ஆறும்போது இரும்பும் மக்னீசியமும் அதிகமுள்ள கறுத்த கனிமங்கள் முதலில் உறைந்துவிடும். யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூன்றும் அந்தப் படிகங்களில் இடம் கிடைக்காமல் கடைசிவரை குழம்பிலேயே தங்கிவிடும். மிஞ்சிய அந்தக் குழம்பு உறைந்தால் கிடைப்பது வெளுத்த, ரோஸ், சிவப்புக் கிரானைட். அதனால் கல்லின் நிறம் பாதிக் கதையைச் சொல்லிவிடும். மீதிக் கதைக்குத்தான் மீட்டர்.

என் கணக்கு நோட்டில் இருக்கும் அளவுகளைச் சொல்கிறேன். எல்லாம் கல்லின் மேல் நேரடியாக வைத்து, மணிக்கு மைக்ரோசீவர்ட் கணக்கில் எடுத்தவை. என் வீட்டு மாடி 0.13. பிளாக் கேலக்ஸி 0.10 அல்லது 0.11. ஸ்டீல் கிரே 0.13. டான் பிரவுன் 0.22 வரை. வெள்ளையில் சாம்பல் அலை ஓடும் கல் 0.18 முதல் 0.21. ரோஸ், சிவப்பு வகை 0.24 முதல் 0.28. ராஜஸ்தான் மார்பிளும் கடப்பா கல்லும் 0.10 பக்கத்தில் நிற்கும், அவை சுண்ணாம்பு வழி வந்தவை. ஒரே பெயரில் விற்கும் கல்லிலேயே லாட்டுக்கு லாட்டு மாறும். ஒரே ஸ்லாபிலும் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் வித்தியாசம் வரும், கறுப்புப் பொட்டு திரண்டிருக்கும் இடத்தில் எண் ஏறும். அதனால் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இங்கேதான் மீட்டரின் பெரிய குறை. அவசரப்பட்டால் அது ஏமாற்றும். இந்தக் குழாய்க்கு 0.15 மைக்ரோசீவர்ட் என்பது நிமிடத்துக்கு ஏறக்குறைய 23 துடிப்பு. அணுச்சிதைவு தற்செயலாக நடப்பது, ஆகவே ஒரு நிமிடம் 18 வரும், அடுத்த நிமிடம் 28 வரும், கல் ஒன்றும் மாறியிருக்காது. வாடிக்கையாளர்கள் ஒரு கல்லின் மேல் இருபது நொடி வைத்து 0.20 என்று பார்த்து, பக்கத்துக் கல்லில் 0.14 பார்த்து, இது நல்ல கல் அது கெட்ட கல் என்று பிரிக்கிறார்கள். அது சீட்டுக் குலுக்கல். பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் 230 துடிப்பு சேரும், அப்போது ஆட்டம் 15 அளவுக்குக் குறைந்து நம்பும்படி இருக்கும். பத்து நிமிடக் கூட்டு எண்ணைத் தனியாகக் காட்டும் வசதி என் மீட்டரில் மெனுவுக்குள் ஆழத்தில் ஒளிந்திருக்கிறது. கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நானே பொத்தான்களை நோண்டிக் கண்டுபிடித்தேன்.

இரண்டாவது குறை, கல்லோடு ஒட்டி வைத்து எடுக்கும் எண்ணை அப்படியே உடம்புக்கு வரும் அளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த மீட்டர்களைக் காமா கதிரை வைத்துத்தான் அளவீடு செய்கிறார்கள். கல்லிலிருந்து வரும் பீட்டாவையும் காமா என்று நினைத்து எண்ணிவிடும். இதைப் பிரிக்க சமையலறையிலேயே வழி இருக்கிறது. கல்லுக்கும் மீட்டருக்கும் நடுவில் கனமான அலுமினிய தோசைக்கல்லை வையுங்கள். பொட்டாசியத்தின் பீட்டா அதில் நின்றுவிடும், காமா தாண்டி வரும். ரோஸ் கல்லில் 0.27 காட்டியது, தோசைக்கல் வைத்ததும் 0.19-க்கு இறங்கியது. மேடைக்கு முன்னால் நின்று சமைக்கும் இடத்தில், வயிற்று உயரத்தில், ஒரு அடி தள்ளிப் பிடித்தால் 0.16.

இப்போது காந்தி நகர் அம்மாவுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு. மேடைக்கு முன்னால் அதிகமாக வருவது மணிக்கு 0.03. தினமும் நாலு மணி நேரம் அவர் அங்கே நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 0.03 பெருக்கல் 4 பெருக்கல் 365, சுமார் 44 மைக்ரோசீவர்ட். அதாவது 0.04 மில்லிசீவர்ட். உலகத்தில் சராசரி மனிதருக்கு இயற்கையிலிருந்து வருடத்துக்குக் கிடைப்பது 2.4 மில்லிசீவர்ட், அதில் ஏறக்குறைய பாதி ரேடான் பங்கு. அவர் மகன் துபாயில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை போய்வந்தாலே மேகத்துக்கு மேல் இந்த அளவில் ஒரு நல்ல பங்கை வாங்கிக்கொள்வார். அம்மா ரோஸ் கல்லையே போட்டார். ஆனால் அவர் முடிவு செய்தது என் கணக்கைப் பார்த்து அல்ல, முன்பணம் திரும்ப வராது என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு. அது வேறு விஷயம்.

தரை முழுக்க அதே கல் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். நாள் முழுக்க வீட்டிலேயே இருப்பவர்கள், தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள். மணிக்கு 0.05 கூடுதல், ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் என்றால் வருடத்துக்கு 0.29 மில்லிசீவர்ட். அப்போதும் பயப்படும்படி இல்லை. ஆனால் நாலு வகைக் கல் பிடித்திருந்து, விலையும் ஒன்றாக இருந்தால், படுக்கையறைக்குக் குறைந்த எண் காட்டும் கல்லை எடுப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. என் தங்கை வீட்டுக்கு அப்படித்தான் எடுத்தேன்.

முறையான அளவு வேண்டும் என்றால் கல்லை அரைத்து, தூளைப் புட்டியில் அடைத்து ஒரு மாதம் போல மூடி வைத்து, காமா நிறமாலைமானியில் எண்ண வேண்டும். அது ஆய்வகத்து வேலை. நாமக்கல் மாவட்டத்துக் கட்டுமானப் பொருட்களை இந்த முறையில் அளந்து 2012-இல் ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருக்கிறது. அந்த ஆய்வுகளில் எல்லாம் ஒரு சூத்திரம் வரும். ரேடியம் அளவோடு, தோரியத்தை 1.43 மடங்கும் பொட்டாசியத்தை 0.077 மடங்கும் சேர்த்தால் வரும் தொகை கிலோவுக்கு 370 பெக்கரலைத் தாண்டக்கூடாது (ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஒரு அணுச்சிதைவு). ஐரோப்பாவில் வேறு கணக்கு. ரேடியத்தை 300-ஆல், தோரியத்தை 200-ஆல், பொட்டாசியத்தை 3000-ஆல் வகுத்துக் கூட்டுவார்கள். சுவரே அந்தப் பொருளில் கட்டினால் தொகை 1-க்குள் இருக்க வேண்டும். மேலே மெல்லியதாகப் பதிக்கும் கல்லுக்கு, 1999-இல் வந்த வழிகாட்டியில் 6 வரை விட்டிருந்தார்கள்.

உதாரணத்துக்கு ஒரு ரோஸ் கல்லில் ரேடியம் 60, தோரியம் 120, பொட்டாசியம் 1200 பெக்கரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சூத்திரத்தில் 324 வருகிறது, பாஸ். இரண்டாவதில் 1.2, சுவர் கட்டினால் ஃபெயில், மேடைக்குப் பதித்தால் தாராளமாகப் பாஸ். நாம் வாங்கும் பதினெட்டு மில்லிமீட்டர் ஸ்லாபை வைத்து யாரும் சுவர் எழுப்புவதில்லை. ஆக, கல் எவ்வளவு கனத்தில், எங்கே, எத்தனை சதுர அடி என்பதைச் சொல்லாமல் இந்தக் கல் ஆபத்து என்று சொல்லும் எந்தச் செய்தியையும் நான் மதிப்பதில்லை.

கனத்துக்கு ஒரு நல்ல இடம் வேலூர்க் கோட்டை. ஆற்காடு, சித்தூர் பக்கத்துக் குவாரிக் கல்லில் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. வெளியே மைதானத்தில் 0.14 காட்டிய மீட்டர், சுற்றிலும் பாறை சூழ்ந்த வாசல் வழியில் 0.21 காட்டியது. கல் கீழே மட்டும் இருந்தால் ஒரு பக்கத்திலிருந்து வரும். தலைக்கு மேலும் இரண்டு பக்கமும் கல் இருந்தால் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். காவலர் ஒருவர் வந்து இது என்ன சாமான் என்று கேட்டார். சொன்னதும், "அப்போ திப்பு சுல்தான் குடும்பத்துக்கு இதாலதான் உடம்பு கெட்டுதா?" என்றார். இல்லை அண்ணா என்றேன்.

வேலூர் மலைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். நம்மைச் சுற்றி நிற்பதில் பெரும்பகுதி சார்னகைட், நைஸ் (gneiss) என்ற பாறை வகைகள். சார்னகைட் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் பக்குவப்பட்டது, அந்தப் பக்குவத்தில் யுரேனியம் பெரும்பாலும் வெளியேறிவிட்டிருக்கும். பழைய வட ஆற்காட்டில், இப்போதைய திருப்பத்தூர் மாவட்டத்தில், செவ்வாத்தூர் என்றொரு ஊர். அங்கே கார்பனடைட் என்ற அபூர்வப் பாறையும், அதில் யுரேனியம் கலந்த பைரோகுளோர் கனிமமும் உண்டு. இதைப் படித்துவிட்டு ஒருவர் திருப்பத்தூர் பக்கத்துக் கல்லே வேண்டாம் என்றார். அந்தப் பாறை யார் வீட்டு மேடைக்கும் வருவதில்லை. சந்தேகம் என்றால் எடுக்கப்போகும் ஸ்லாபின் மேல் மீட்டரை வையுங்கள், ஊர்ப் பெயரின் மேல் வைக்காதீர்கள்.

பைபாஸ் ஓரத்தில் ஒரு ஷோரூமில் "ரேடியேஷன் ஃப்ரீ கிரானைட்" என்று ஸ்டிக்கர் ஒட்டி, சதுர அடிக்குக் கூடுதல் விலை போட்டிருந்தார்கள். ஒட்டியிருந்த கல்லில் 0.24 வந்தது. கதிரியக்கமே இல்லாத கல் என்று ஒன்று கிடையாது. சான்றிதழ் கேட்டேன், மாலையில் அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் மாலை ஆகவில்லை.

ஆனால் கல்லைவிட என்னைத் திடுக்கிட வைத்தது ஒரு டாலர். பாகாயத்தில் ஒரு வீட்டுக்காரர் கழுத்தில் கறுப்பாக ஒரு "எனர்ஜி டாலர்" போட்டிருந்தார், செல்போன் கதிர்வீச்சைத் தடுக்குமாம். ஏதோ கூட்டத்துக்குப் போய் வாங்கியது. மேடையை அளந்துகொண்டிருந்தபோது அவர் குனிந்தார், மீட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது. டாலரைக் கழற்றி மீட்டரில் வைத்தால் 1.4. ரோஸ் கல்லைவிட ஐந்து மடங்கு, அதுவும் நெஞ்சோடு ஒட்டி, நாள் முழுக்க, தூங்கும்போதும். எதிர்மின் அயனி வரவேண்டும் என்பதற்காகச் சில தயாரிப்பாளர்கள் தோரியம் உள்ள கனிமத் தூளைக் கலக்கிறார்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பத்துப் பொருட்களில் கதிரியக்கம் இருப்பதைச் சொல்லி, அணியாதீர்கள் என்று எச்சரித்தது. அவர் கழற்றி அலமாரியில் வைத்தார். அடுத்த வாரம் போனபோது மறுபடி கழுத்தில் இருந்தது.

இப்போது ரேடான். யுரேனியம் சிதையும் வழியில் ரேடியம், ரேடியத்திலிருந்து ரேடான் வாயு. பாதியாகக் குறைய 3.8 நாள் ஆகும், அதற்குள் மண்ணின் துளை வழியாக, தரை வெடிப்பு வழியாக வீட்டுக்குள் வந்து சேர நேரம் இருக்கிறது. மூச்சில் போய், அதன் சேய் அணுக்கள் நுரையீரலில் ஒட்டி ஆல்ஃபா விடும். புகைபிடிப்பதற்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுக்கு இதுதான் காரணம் என்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் காற்றில் கனமீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் வைக்கச் சொல்கிறது, முடியாத நாடுகளில் 300-க்குள். இந்த மீட்டரால் ரேடானை அளக்க முடியாது. ஆல்ஃபா குழாய்க்குள் நுழையாது என்று மேலே சொன்னேன் அல்லவா. அதற்குத் தனிக் கருவி உண்டு, அல்லது மாதக்கணக்கில் அறையில் தொங்கவிடும் எல்.ஆர்.-115 படத்துண்டு. "ரேடானும் காட்டும்" என்று விளம்பரத்தில் எழுதி இந்தக் குழாய் மீட்டரை விற்கிறார்கள், சுத்தப் பொய்.

பாலிஷ் போட்ட இறுகிய கிரானைட்டிலிருந்து ரேடான் வெளியேறுவது குறைவு. நம் ஊர் வெயிலுக்கு ஜன்னலைத் திறந்து வைத்து மின்விசிறி ஓட்டினால் உள்ளே தேங்கவும் தேங்காது. எனக்குச் சின்ன யோசனை இருப்பது ஏ.சி. அறைகளைப் பற்றித்தான். தரைத்தளத்தில் ஏ.சி. போட்டு, ஜன்னல் இடுக்கையெல்லாம் ரப்பரால் அடைத்து, வருடம் முழுக்கத் திறக்காத படுக்கையறை. காலையில் அரை மணி நேரம் ஜன்னலைத் திறக்கச் சொல்வேன், தரையில் வெடிப்பு இருந்தால் அடைத்துத் தருவேன்.

மற்ற பொருட்களைச் சுருக்கமாக. செங்கல்லும் எம்-சாண்டும் என் மீட்டரில் சுற்றுப்புறத்திலிருந்து அதிகம் விலகவில்லை. ஃப்ளை ஆஷ் கல் ஒரு படி மேலே, நிலக்கரி எரிந்தபின் அதிலிருந்த யுரேனியமும் தோரியமும் சாம்பலில் தங்கிவிடுவதால். வெள்ளை மெருகு டைல்ஸிலும் கொஞ்சம் கூடும், மெருகில் சேர்க்கும் சிர்க்கான்தான் காரணம். கிரானைட் வேண்டாம் டைல்ஸ் போதும் என்று பயந்து மாறியவர் வீட்டில், அவர் போட்ட டைல்ஸ் 0.17 காட்டியதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இந்த மீட்டர் காட்டாத ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அதைச் சுவாசிப்பது வீட்டுக்காரர் அல்ல, நாங்கள். கிரானைட்டை உலர்வாக அறுத்தால் பறக்கும் வெள்ளைப் புகையில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்து தழும்பாகி, மூச்சை இறுக்கும். சிலிக்கோசிஸ் என்று பெயர், வந்தால் போகாது. இப்போது எல்லோரும் கேட்கும் செயற்கைக் குவார்ட்ஸ் ஸ்லாபில் சிலிக்கா தொண்ணூறு சதவீதத்துக்கு மேல்கூட இருக்கும். அதை அறுத்த இளம் தொழிலாளர்கள் பலர் நோயில் விழுந்த பிறகு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. நம் ஊரில் சிங்க் ஓட்டையை வீட்டு ஹாலிலேயே உலர்வாக அறுக்கச் சொல்லி, தண்ணீர் விட்டால் தரை சேறாகும் என்று கோபப்படுகிறார்கள். என்னிடம் மீட்டரோடு வந்து கல்லைச் சோதித்த ஒருவரே, வேலை நாளில் பையன் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு அறுப்பதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் டீ குடித்தார். துண்டு போதாது, நல்ல மாஸ்க் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். நான் இப்போது குழாய் இல்லாத வீட்டில் அறுப்பதில்லை. குடோனிலேயே அளவெடுத்து அறுத்துக் கொண்டுவருகிறேன், வண்டி வாடகை கூடுதல், அதைத் தரமாட்டேன் என்பவர்களிடம் வேலை எடுப்பதில்லை.

சரி, மீட்டருக்கே வருகிறேன். விற்றவர்கள் அளவீட்டுச் சான்றிதழ் தருவதாகப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள், பெட்டியில் இல்லை. கேட்டதற்கு இரண்டு முறை மன்னிப்பும் ஒரு கூப்பனும் வந்தது. சார்ஜ் வயர் சில மாதத்தில் போனது, சாதாரண செல்போன் வயரே பொருந்துகிறது. பேட்டரி நன்றாக நிற்கிறது, காலையில் போட்டால் சாயங்காலம் வரை. திரை வெயிலில் தெரியாது, குடோன் முற்றத்தில் நிழலுக்கு ஒதுங்க வேண்டும். சத்தத்தை அணைக்க வழி இருப்பது நல்லது, வாடிக்கையாளர் வீட்டில் டிக்டிக் என்று அடித்தால் யாருக்கும் நான் சொல்வது காதில் விழாது.

யாருக்கு இது? பெரிய வீடு கட்டி, தரை முழுக்க ஒரே வகை வெளுத்த அல்லது சிவப்புக் கல்லைப் போடப் போகிறவர்கள், வாங்குவதைவிட யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கிக்கொள்ளலாம். பள்ளி, கல்லூரி ஆய்வகத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், பொட்டாஷும் மேண்டிலும் வைத்தே ஒரு பாடம் நடத்தலாம். என்னைப் போலக் கல் தொழிலில் இருப்பவர்களுக்குப் பிரயோஜனம் உண்டு, போட்ட பணம் வாட்ஸ்அப் பயத்தால் நின்றுபோகும் ஆர்டர் ஒன்றிரண்டைக் காப்பாற்றியதிலேயே வந்துவிட்டது. ஒரே ஒரு சமையல் மேடைக்காக வாங்குகிறவர்கள் அந்தப் பத்தாயிரத்தில் நல்ல புகைபோக்கி போட்டுக்கொள்ளலாம்.

வாங்கியே தீர்வேன் என்பவர்கள் முதலில் எச்சரிக்கை ஒலியின் அளவை மாற்றிவிடுங்கள். பெட்டியிலிருந்து வரும்போது அது 0.30-இல் வைத்திருக்கிறது. நம் ஊர் ரோஸ் கல்லின் மேல் ஒரு நிமிட ஆட்டத்திலேயே அதைத் தொட்டுவிடும், ராத்திரியில் கத்தினால் வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள். செட்டிங்ஸில் மூன்றாவது பக்கம், 0.50 வையுங்கள்.